பழைய மருத்துவப் படங்களில் தழும்பைப் பார்ப்பது எப்படி?

அந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் அடுத்தடுத்து இரண்டு முகம். இடது பக்கம் இருப்பவருக்குக் கண்ணிமைகள் இல்லை, சுற்றியிருக்கும் தோல் இழுபட்டுக் கிடக்கிறது. வலது பக்கம் அதே ஆள். கண்களையும் மூக்கின் மேல்பாதியையும் சேர்த்து மூடியபடி வேறு நிறத்தில் ஒரு தோல் பரப்பு, அதன் ஓரத்தில் தையல் போட்ட கோடு. கீழே 'உலகின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி, 1917' என்று ஒரு வரி.

படம் உண்மைதான், வரிதான் தப்பு. அவர் பெயர் வால்டர் இயோ, பிரிட்டிஷ் கடற்படைக்காரர். 1916 மே 31 அன்று தொடங்கிய ஜட்லண்ட் கடற்போரில் வார்ஸ்பைட் என்ற போர்க்கப்பலில் இருந்தபோது முகத்தில் காயம்பட்டவர். அடுத்த வருஷம் ஹெரால்ட் கில்லிஸ் என்ற மருத்துவர் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். இதெல்லாம் சரி. ஆனால் இழந்த முகத்தைத் தோல் கொண்டு திரும்பக் கட்டும் வேலை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அதுவும் நம் நாட்டிலேயே, நடந்துகொண்டிருந்தது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. 'முன்', 'பின்' என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், ஏதோ ஒரே நாளில் ஒரு மேஜை மேல் நடந்த மாயம் மாதிரி ஆகிவிடுகிறது. நிஜமான வேலை நடந்தது இரண்டு படத்துக்கும் நடுவில். இந்தக் கட்டுரை அந்த நடுவைப் பற்றித்தான். அது புரிந்துவிட்டால் இந்த மாதிரிப் பழைய படங்கள் எதைப் பார்த்தாலும், முதல் அதிர்ச்சிக்கு அப்புறம், அதில் என்ன நடக்கிறது என்று உங்களால் படிக்க முடியும்.

முதலில் தழும்பு. தோலின் மேல்மட்டம் மட்டும் சிராய்த்தால் பெரும்பாலும் தடயம் இல்லாமல் ஆறிவிடும். வெட்டோ தீயோ அடித்தோல் வரை இறங்கிவிட்டால் கதை வேறு. உடம்புக்கு அப்போது அழகு முக்கியமில்லை, திறந்து கிடக்கும் இடத்தை எவ்வளவு சீக்கிரம் மூடலாம் என்பதுதான் முக்கியம். ரத்தம் உறைகிறது, கிருமிகளோடு சண்டை போடும் செல்கள் வருகின்றன, அவற்றின் பின்னாலேயே கொலாஜன் என்ற புரத இழைகளை உண்டாக்கும் செல்கள் வந்து இடத்தை நிரப்புகின்றன. நல்ல தோலில் இந்த இழைகள் பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். முடி முளைக்காது, வேர்க்காது. முதலில் சிவந்தும் தடித்தும் இருந்துவிட்டு ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு வெளிறி அடங்கும். அடங்கிய பிறகும் பழைய தோலின் முழு பலம் அதற்கு வராது.

இதில் முகத்துக்கு வினையாக வருவது ஒரு குணம்: தழும்பு சுருங்கும். புண்ணின் விளிம்புகளை உள்நோக்கி இழுப்பதற்கென்றே அங்கே செல்கள் இருக்கின்றன. தொடையில் இது நடந்தால் பெரிதாகத் தெரியாது. கண்ணுக்குக் கீழே நடந்தால் கீழிமை வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும், கண்ணை மூட முடியாது, மூட முடியாத கண் காய்ந்து புண்ணாகும். உதட்டோரம் நடந்தால் வாய் ஒரு பக்கம் கோணும். தாடை எலும்பு உடைந்து பறந்துபோன ஒருவருக்கு, அவசரத்தில் கன்னத்தின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டால், புண் ஆறிவிடும். ஆனால் ஆறின பின் அவரால் வாயைத் திறந்து சாப்பிட முடியாது. முதல் உலகப்போர்க் காலத்துப் படங்களில் நாம் 'காயம்' என்று நினைத்துப் பார்க்கும் பல முகங்களில் உண்மையில் தெரிவது குண்டு செய்த சேதம் மட்டுமல்ல, அந்தச் சேதம் தானாகவோ அவசரத் தையலாலோ ஆறியதன் சேதமும்தான். இயோவின் 'முன்' படமும் அப்படிப் பார்க்க வேண்டியதே: இமைகள் போய், சுற்றியுள்ள தோல் ஆறி இறுகிய பிறகு எடுத்த படம் அது.

சரி, சுருங்கிப்போன தழும்பை வெட்டி எடுத்துவிட்டு வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் ரத்தம் குறுக்கே வருகிறது. உடம்பிலிருந்து முழுசாக வெட்டி எடுத்த தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மிக மெல்லிய தோலாக இருந்தால், வைத்த இடத்தில் ஊறும் திரவத்தைக் குடித்து ஓரிரு நாள் தாக்குப்பிடிக்கும், அதற்குள் அடியிலிருந்து புது ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இதைத்தான் இன்று தீக்காய வார்டுகளில் ஸ்கின் கிராஃப்ட் என்கிறோம். ஆனால் மெல்லிய தோல் மெல்லியதுதான். அதை வைத்து மூக்கு எழுப்ப முடியாது, கன்னத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்க முடியாது, வெறும் எலும்பின் மேல் அது பிடிக்காது, பிடித்த இடத்திலும் சுருங்கும். தடிமனான, கொழுப்போடு சேர்ந்த சதைத்தோல் வேண்டுமென்றால் அதற்கு ரத்தம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை நம் ஊர் ஒட்டுமாங்கன்று போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நெருக்கு ஒட்டு முறையில் தாய்மரத்துக் கிளையை முதலிலேயே வெட்டிவிட மாட்டார்கள். கிளை மரத்தோடு இருக்கும்போதே, தொட்டியில் இருக்கும் கன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து இரண்டையும் சீவிச் சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டும் ஒன்றாகக் கூடிவிட்டது என்று தெரிந்த பின்னால்தான் தாய்மரத்திலிருந்து அறுப்பார்கள். தோலிலும் அதே. மூன்று பக்கம் அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் உடம்போடு விட்டுவிட்டு, அறுத்த மடலைத் திருப்பி வேண்டிய இடத்தில் தைப்பது. உடம்போடு இருக்கும் அந்தக் காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். புது இடத்தில் ரத்தக் குழாய்கள் பிடித்துக்கொண்ட பின், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காம்பை அறுக்கலாம். மருத்துவர்கள் மடலை ஃபிளாப் என்றும் காம்பைப் பெடிக்கிள் என்றும் சொல்வார்கள். இனி பழைய படம் எதைப் பார்த்தாலும் நீங்கள் தேட வேண்டியது இந்தக் காம்பைத்தான். தோல் எங்கிருந்து வந்தது, எந்த வழியாக அதற்கு ரத்தம் வருகிறது என்று பாருங்கள்.

முதலில் 1597ஆம் வருஷத்துப் படங்கள். இத்தாலியின் போலோனா நகரத்துப் பேராசிரியர் காஸ்பாரே தாலியாகோட்ஸி மூக்கு கட்டுவது பற்றி வெளியிட்ட நூலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள் உள்ளன. அதில் ஒன்று வெகு பிரசித்தம்: கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், இடது கையை மடக்கித் தலைமேல் வைத்தபடி இருக்கிறார், மேல்கையின் சதை அவர் மூக்கோடு ஒட்டியிருக்கிறது. உடம்பு முழுக்க வாரும் பட்டையும் போட்ட ஒரு சட்டை. முதலில் பார்க்கும்போது ஏதோ சித்திரவதை போலத் தெரியும். காம்பைத் தேடுங்கள். கையிலிருந்து மூக்குக்குப் போகும் அந்தத் தோல் பாலம்தான் காம்பு, அது அறுந்துவிடாமல் இரண்டு மூன்று வாரம் கையை அசையாமல் பிடித்து வைக்கத்தான் அத்தனை வாரும். மரக்கட்டை ஓவியரின் புண்ணியத்தில் அந்த ஆளின் முகத்தில் வலியே இல்லை, ஏதோ மத்தியானத் தூக்கம் போடுகிறவர் மாதிரி இருக்கிறார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் இரண்டரை நூற்றாண்டு இருந்த காலம் அது என்பதையும் நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அப்புறம் நம் பக்கத்துப் படம். 1794 அக்டோபரில் லண்டனில் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் என்ற பத்திரிகையில் ஒரு கடிதமும் ஒரு செதுக்குப் படமும் வந்தன. படத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர், பெயர் கவாஸ்ஜி. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். 1792இல் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். மூக்கறுப்பது அப்போது தண்டனையாகவும் அவமானப்படுத்தும் வழியாகவும் இருந்தது, சூர்ப்பணகை கதை கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த அவருக்குப் பூனா அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செங்கல்காரரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. படம் வரைந்த ஜேம்ஸ் வேல்ஸின் பெயர் இருக்கிறது.

செய்த விதத்தைக் கடிதம் நுணுக்கமாகச் சொல்கிறது. மெழுகை மெல்லிய தகடாக்கி, மூக்கு இருந்த இடத்தில் வைத்து ஒரு நல்ல மூக்கின் வடிவம் வருமாறு பிடிக்கிறார்கள். அதை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலை அறுத்து எடுக்கிறார்கள், இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டுவிட்டு. பழைய மூக்கின் அடியில் ஆறியிருந்த தழும்பைச் சீவி எடுத்துப் பச்சைப் புண்ணாக்குகிறார்கள், ஏனென்றால் தழும்போடு புதுத் தோல் ஒட்டாது, பச்சையோடு பச்சைதான் ஒட்டும். பிறகு நெற்றித் தோலை அரைச் சுற்றுத் திருப்பிக் கீழே இறக்கி, ஏற்கெனவே கீறி வைத்த வெட்டுக்குள் அதன் ஓரத்தைச் செருகுகிறார்கள். அதன் மேல் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிய துணிப் பட்டைகள் ஐந்தாறு. ஆம், வெற்றிலையோடு போடுகிற அதே காசுக்கட்டிதான், துவர்ப்புப் பொருள், காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் வாக்கில் மூக்குத் துவாரம் அடையாமல் இருக்க மெல்லிய துணித் திரி. சுமார் 25ஆம் நாள் புருவங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பட்டையை அறுத்து மூக்கைச் சரிசெய்கிறார்கள்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். நடுவில் கவாஸ்ஜியின் முகம். சுற்றிலும் சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள்: மெழுகுத் தகடு எப்படி இருக்கும், நெற்றியில் கோடு எப்படிப் போகும், பட்டை எங்கே விடப்படும். முகத்தை மட்டும் பார்த்தால் மூக்குள்ள ஒரு மனிதர், அவ்வளவுதான். பெரிய முகம் முடிவைச் சொல்கிறது, சிறிய கோட்டுப் படங்கள் நடுவைச் சொல்கின்றன. நெற்றியைப் பாருங்கள், தோலை எடுத்த இடத்தில் தழும்பு தெரியும். வேல்ஸ் இதை வரைந்தது 1794 ஜனவரியில், அறுவை முடிந்து பத்து மாதம் கழித்து. தழும்பு அடங்கும் காலம் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் தணிந்த நேரத்தில் எடுத்த 'பின்' படம் அது. எந்த 'பின்' படத்தைப் பார்த்தாலும் எத்தனை நாளைக்குப் பின் என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். மூன்றாம் வாரம் எடுத்த படமும் மூன்றாம் வருஷம் எடுத்த படமும் ஒரே ஆளைக் காட்டினாலும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

இந்த ஒரு அச்சுப் படம் சும்மா இருக்கவில்லை. லண்டனில் ஜோசப் கார்பியூ என்ற மருத்துவர் இதைப் படித்துவிட்டு, பிணங்களில் செய்து பழகி, 1814 அக்டோபரில் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். 1816இல் அதை நூலாக எழுதினார், படங்களோடு. ஐரோப்பாவில் 'இந்திய முறை' என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

இங்கே சுசுருதரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது அவர் படத்தை அனுப்பிவிடுவார்கள். சுசுருத சம்ஹிதையில் மூக்கு கட்டும் முறை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. மூக்கின் அளவுக்கு ஒரு இலையை வெட்டி வைத்து அளவெடுப்பது, ஒட்டியிருக்கும்படியே தோலை அறுப்பது, மூச்சுவிடக் குழல் செருகுவது, அதிமதுரம் முதலிய பொடி தூவுவது, நல்லெண்ணெய் ஊற்றுவது எல்லாம் உண்டு. ஆனால் அந்த நூல் தோலை எடுக்கச் சொல்வது கன்னத்திலிருந்து. கவாஸ்ஜிக்கு எடுத்தது நெற்றியிலிருந்து. அதோடு, சம்ஹிதையில் படமே கிடையாது. சுசுருதர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்வதாக இணையத்தில் சுற்றும் அந்த அழகான வண்ண ஓவியம் 20ஆம் நூற்றாண்டில் ஒரு அமெரிக்க மருந்துக் கம்பெனிக்காக வரையப்பட்டது. அதைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆதாரம் வேண்டுமென்றால் அந்த மெழுகுத் தகடும் காசுக்கட்டியும் இருக்கிற கடிதமே போதும், அதுவே பெருமைப்பட நிறையக் கொடுக்கிறது.

கேமரா வந்த பிறகு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்டோ வந்ததும் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் என்றே ஒன்றைத் தொடங்கி, காயம்பட்ட சிப்பாய்களின் படங்களையும் எலும்புகளையும் சேர்த்தார்கள். படத்தில் சிப்பாய் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை விலக்கிக் காயத்தைக் காட்டுவார், சில படங்களில் மடியில் பெயர்ப் பலகை இருக்கும். கை கால் காயங்களே பெரும்பகுதி. முகம் பெருவாரியாக வந்தது முதல் உலகப்போரில். பதுங்குகுழியில் உடம்பு மண்ணுக்குக் கீழே இருந்தது, எட்டிப் பார்த்தால் வெளியே தெரிந்தது தலை மட்டும். வெடிகுண்டுச் சிதறல் முகத்தைக் கொண்டுபோனது, ஆனால் ஆளைக் கொல்லவில்லை. இப்படி உயிரோடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஹெரால்ட் கில்லிஸ் நியூசிலாந்தில் பிறந்தவர், காது மூக்கு தொண்டை மருத்துவர். 1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஒரு வார்டு கொடுத்தார்கள். முகக் காயக்காரர்கள் தன்னிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகச் சொந்தக் காசில் முகவரிச் சீட்டுகள் வாங்கி பிரான்ஸில் இருக்கும் களத்துக்கு அனுப்பி வைத்தார், காயம்பட்டவர் மேல் கட்டி அனுப்புங்கள் என்று. அந்த ஜூலையில் சொம் போர் தொடங்கியது. இருநூறு பேர் வருவார்கள் என்று தயாராக இருந்த இடத்துக்கு இரண்டாயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் முகக் காயத்துக்கென்றே குயின்ஸ் மருத்துவமனை திறந்தார்கள். 1917க்கும் 1925க்கும் இடையில் அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். கணக்குப் போட்டால் தலைக்கு இரண்டுக்கு மேல். சிலருக்குப் பத்தைத் தாண்டியது, வருஷக்கணக்கில் போனது. 'முன்', 'பின்' படம் மறைப்பது இந்த வருஷங்களைத்தான்.

கில்லிஸ் பிடிவாதமாக ஒன்றைச் செய்தார்: எல்லா நிலையையும் பதிவு செய்ய வைத்தார். வரும்போது போட்டோ, ஒவ்வொரு அறுவைக்கும் அப்புறம் போட்டோ, எக்ஸ்ரே, முகத்தின் பிளாஸ்டர் அச்சு, கோட்டுப் படம். அதனால்தான் நடுவில் என்ன நடந்தது என்று இன்று நம்மால் பார்க்க முடிகிறது. அதில் மிக வினோதமாகத் தெரிவது குழாய்ப் படங்கள். வயிற்றிலிருந்தோ மார்பிலிருந்தோ கையிலிருந்தோ ஒரு தோல் குழாய் கிளம்பி முகத்தில் போய்ச் சேரும். யானைத் தும்பிக்கை என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. அது என்ன என்று தெரியாமல் பார்த்தால் அருவருப்பு, தெரிந்து பார்த்தால் அசந்துபோவோம்.

அது வந்த கதை இது. வில்லி விகாரேஜ் என்ற கடற்படைக்காரர், இயோவைப் போலவே ஜட்லண்டில், மலாயா என்ற கப்பலில் வெடிமருந்துத் தீயில் வெந்தவர். முகம் முழுக்கத் தழும்பு, இமைகள் வெளியே புரண்டு, கண் மூட முடியாமல், கீழுதடு இழுபட்டு. மேலே தழும்பு சுருங்குவதைப் பற்றிச் சொன்னது அத்தனையும் ஒரே முகத்தில். 1917 அக்டோபரில் கில்லிஸ் அவர் மார்பிலிருந்து தோல் மடலைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுபோனார். அதைத் தாங்கும் காம்புகள் இரண்டு பக்கமும் நீளமாக நின்றன. அறுத்த தோலின் ஓரங்கள் இயல்பாகவே உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சுருள்கிற ஓரத்தை இணைத்துத் தைத்துவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தைத்தார், காம்பு குழாய் ஆனது.

இதில் என்ன பெரிய விஷயம்? மடலின் அடிப்பக்கம் பச்சைப் புண். மூன்று வாரம் அது திறந்து கிடந்தால் சீழ் பிடிக்கும், அது பென்சிலின் இல்லாத காலம், சீழ் பிடித்தால் மடலே அழுகிவிடும். குழாயாகத் தைத்ததும் வெளியே எங்கும் புண் இல்லை, சுற்றிலும் தோல், உள்ளே பத்திரமாக ரத்தக் குழாய்கள். காம்பை இன்னும் நீளமாக விடலாம், இன்னும் நாள் காத்திருக்கலாம். வயிற்றுத் தோலை நேராக முகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், குழாயின் ஒரு முனையை முதலில் மணிக்கட்டில் ஒட்டவைத்து, பிடித்தபின் வயிற்றுப் பக்கத்தை அறுத்து, கையோடு தூக்கி முகத்தில் வைக்கலாம். அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த ஒடெஸாவில் விளாடிமிர் ஃபிலாட்டோவ் என்ற கண் மருத்துவரும் ஏறத்தாழ இதே நேரத்தில் இதே யோசனையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்.

எல்லாம் நல்லபடி முடியவில்லை. முகம் முழுக்க எரிந்த ஒரு இளம் விமானிக்கு கில்லிஸ் ஒரே தடவையில் மிகப் பெரிய மார்புத் தோல் மடலை வைத்தார், தோல் அழுகியது, 1918இல் அவர் இறந்துபோனார். அதன்பின் கில்லிஸ் தன் மாணவர்களிடம் அழுத்திச் சொன்னது, நாளைக்குத் தள்ளிப்போட முடிந்ததை இன்றைக்குச் செய்யாதே என்பதுதான். சோம்பேறியின் வாசகம் மாதிரித் தோன்றும், ஆனால் இந்தத் தொழிலில் அதுதான் பிழைக்க வைத்தது. தோற்றவர்களின் படங்களும் கோப்பில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வராதவை அவை.

போட்டோவுக்கு அப்போது இரண்டு பெரிய குறை. நிறம் கிடையாது: புண்ணின் சிவப்பும் வெந்த இடத்தின் வெளிறலும் செத்த தோலின் கறுப்பும் எல்லாம் சாம்பல் நிறம்தான். அடுத்தது, கேமரா எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் காட்டும். எது முக்கியம் என்று சொல்லாது. அதனால் ஹென்றி டாங்க்ஸ் வந்தார். முதலில் அறுவை மருத்துவராகப் படித்துத் தேறி, அப்புறம் அதை விட்டு லண்டன் ஸ்லேட் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர், அதாவது தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வரையக்கூடிய ஆள். கில்லிஸின் நோயாளிகளை அவர் பாஸ்டல் சுண்ணத்தில் வரைந்தார். அவற்றில் எழுபது போல இன்று மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலானவை லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில்.

அவற்றைப் பார்க்கக் கிடைத்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். கன்னத்துக் குழியின் ஈரச் சிவப்பு, அதன் ஓரத்தில் ஆறத் தொடங்கிய இளஞ்சிவப்பு, அதைத் தாண்டி எந்தச் சேதமும் இல்லாத ஒரு இளைஞனின் சாதாரணத் தோல், எல்லாம் ஒரே முகத்தில், சுண்ணக்கட்டியின் மென்மையோடு. மருத்துவப் போட்டோவில் முகம் ஒரு கேஸ். டாங்க்ஸ் வரைந்த முகங்களில் கண் பல சமயம் நம்மையே பார்க்கிறது, பார்க்கிற நமக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. என்னைக் கேட்டால், சிட்கப்பைப் பற்றி ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்கிறவர்களுக்கு நான் போட்டோவை அல்ல, இவற்றில் ஒன்றைத்தான் காட்டுவேன். டாங்க்ஸுக்கே இவை பொதுமக்கள் பார்வைக்கு ஏற்றவை என்ற எண்ணம் இல்லை. அவர் பாஸ்டல் தவிர, அறுவையின் படிகளைக் காட்டும் கோட்டுப் படங்களும் வரைந்தார்: எங்கே வெட்டு, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று. கவாஸ்ஜி படத்தைச் சுற்றியிருந்த சின்னப் படங்கள் செய்த வேலையை இங்கே அவை செய்தன.

படத்தை யார் பார்ப்பது?

சிட்கப்பில் வார்டுகளில் கண்ணாடி வைக்க விடவில்லை என்றும், ஊருக்குப் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் மருத்துவமனைக்காரராக இருக்கலாம், முகத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே என்று ஊராருக்கு முன்னெச்சரிக்கை. பிரிட்டனில் இந்தப் படங்கள் பெரும்பாலும் மருத்துவக் கோப்புக்குள்ளேயும் மருத்துவ நூலுக்குள்ளேயும் இருந்தன. பிரான்ஸில் அப்படியில்லை. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானபோது முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு சிப்பாய்களை அந்த மண்டபத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள், கையெழுத்துப் போடும் ஜெர்மானியர் பார்க்கட்டும் என்று. அந்த ஐவரின் படம் அஞ்சலட்டையாகப் பரவியது. ஜெர்மனியில் 1924இல் ஏர்ன்ஸ்ட் ஃப்ரீட்ரிஷ் என்ற போர் எதிர்ப்பாளர் இதே மாதிரி மருத்துவப் படங்களை, போர் என்றால் இதுதான் என்று, ஒரு நூலில் வரிசையாக அச்சிட்டார். ஒரே வகைப் படம்: ஒரு இடத்தில் பாடம், ஒரு இடத்தில் குற்றச்சாட்டு, ஒரு இடத்தில் பிரசாரம். படத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று மருத்துவமனைகளில் படமெடுக்க எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். அப்போது சிப்பாய் என்றால் உட்கார் என்றால் உட்கார வேண்டியதுதான்.

'பின்' படத்தில் செய்யப்படும் சின்னச் சின்ன ஜோடனைகளையும் கவனியுங்கள். முன் படத்தில் தலை கலைந்து, சட்டையில்லாமல், வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும். பின் படத்தில் கோட்டு, டை, வாரிய தலை, நல்ல பக்கத்தைக் காட்டிய முகம், சில சமயம் ஒரு சிரிப்பு. அறுவை பாதி வேலை செய்திருக்கும், மீதியைச் சீப்பும் விளக்கும் செய்திருக்கும். இது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், குணமான மனிதர் நல்ல சட்டை போட்டுப் படமெடுக்க ஆசைப்படுவது இயற்கை. ஆனால் இன்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் அழகு சிகிச்சை மையங்கள் இதே வேலையை வேண்டுமென்றே செய்கின்றன. ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு படத்திலும் ஒரே கோணம், ஒரே வெளிச்சம், ஒரே முகபாவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குழாய்ப் படங்கள் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டன. 1970களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் வித்தை கைகூடியது. தொடையிலிருந்து தோலையும் சதையையும் அதன் ரத்தக் குழாயோடு முழுசாக எடுத்து, முகத்தில் இருக்கும் ரத்தக் குழாயோடு தைத்துவிட்டால் அங்கேயே ரத்தம் ஓடத் தொடங்கிவிடும், வாரக்கணக்கில் பாலம் வேண்டாம். வாய்ப் புற்றுநோயில் தாடையை இழப்பவர்களுக்கு காலில் இருக்கும் சின்ன எலும்பை எடுத்துத் தாடை வைப்பதும் இந்த முறையில்தான், நம் ஊர் பெரிய மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது.

மூக்கு மட்டும் விதிவிலக்கு. தோல் புற்றுநோயிலோ விபத்திலோ மூக்கை இழந்தவர்களுக்கு இன்றைக்கும் முதலில் யோசிப்பது நெற்றித் தோலைத்தான், நிறமும் தடிமனும் அதற்குத்தான் பொருந்துகிறது. புருவத்துக்கு அருகே ஒரு பட்டையை விட்டுவிட்டு, திருப்பி இறக்கித் தைத்து, பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துப் பட்டையை அறுப்பார்கள். அந்த மூன்று வாரமும் நோயாளி நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு தோல் பாலத்தோடுதான் நடமாடுவார், அதன் மேல் கட்டுப் போட்டுக்கொண்டு.